சூடு வராத கார்

அவள் உட்கார்ந்திருந்தது ஓட்டுநர் இருக்கையில். முன்கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததோ பக்கத்து இருக்கைக்கு எதிரே.

காருக்குள் வேறு யாரும் இல்லை. சிவப்பு மங்கிப்போன, இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் ஒரு பையை வைக்கக்கூட இடம் கிடையாது. கராஜின் ஒற்றை விளக்கொளியில், தன் மூச்சு படும் பக்கம் பளிச்சென்று இருப்பதையும் காலிப் பக்கத்தில் ஒரு தட்டின் அளவுக்கு வெண்மை ஒட்டியிருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டித் துடைத்தாள். ஈரம் உட்புறம்தான். கதவு ரப்பர் கிழிந்து அந்தப் பக்கம் குளிர் கூடுதலாக இறங்குகிறதோ என்னவோ. அந்த இருக்கையின் பஞ்சும் அமுங்கிக் குழிந்துதான் கிடந்தது. பழைய வண்டி. கார் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா?

சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது அக்கா இப்படித்தான் கண்ணாடியில் மூச்சை ஊதுவாள். அந்த வெண்மையில் மூக்கை அழுத்தி, பன்றி மூக்கு மாதிரி ஒரு தடம் வைத்து, இவளைச் சிரிக்க வைப்பாள்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அக்காவைக் காணவில்லை. சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டாள் என்றார் அக்காவின் கணவர். அம்மா நம்பினாள். இவளால் முடியவில்லை. பெட்டி எடுத்துக்கொண்டு போனவள் குளிருக்குப் போடும் ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டா போவாள்? அவருடைய இந்தக் காரின் ஹீட்டர் கெட்டதும் அதே சமயம்தான். வகுப்பில் ஆளுக்கொரு பழுதைச் சரிசெய்து காட்டச் சொன்னபோது இவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உள்ளே ஒரு கம்மல், ஒரு கறை, ஏதாவது கிடைத்தால் போதும்.

"அதை ஏன் நோண்டற? குளிரோட ஓட்டிப் பழகிட்டேன்," என்றார் மாமா, சாவியைக் கேட்டபோது.

"வாத்தியார் கேக்கறாரு மாமா."

"பிரேக்கைப் பாரேன். கீச்சுகீச்சுன்னு கத்துது."

"நான் பிரேக்கைத் தொட்டு, நீங்க போய் மரத்துல மோதிட்டா, அக்கா வந்து என் காதைத் திருகுவா."

அவர் சிரிக்கவில்லை. சாவியை நீட்டியவர் உடனே விடவும் இல்லை. "பாரு. ஆனா எதையும் மாத்தாதே, அளவுகோல்."

எதையும் இரண்டு முறை சோதிப்பவள் என்று அக்கா வைத்த பெயர். அதை அவர் வாயால் கேட்டபோது என்னவோ போலிருந்தது.

பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டாள். பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாசனை எழுந்தது; வீட்டுப் பக்கமிருந்து மாமா எதையோ நறுக்கும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கூலண்ட் தண்ணீர் நிறைய இருந்தது. வெப்பமானியின் முள் ஏறிவிட்டது. எனில் சூடு உண்டு. ஹீட்டருக்குத்தான் போய்ச் சேரவில்லை. எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். சுட்டது, சுட்டது, பிறகு சட்டென்று சில்லிட்டது. நம்பாமல் மறுகையாலும் தொட்டாள். அதே இடம்.

டார்ச்சை அடித்தாள். உள்ளே, யார் கண்ணுக்கும் படாத மூலையில், குழாயின் கழுத்தை ஒரு கிளாம்ப் நெரித்துக்கொண்டிருந்தது. திருகாணி புத்தம் புதிது. ரப்பர் கிழிந்துவிடக் கூடாதென்று அடியில் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் பூப்போட்ட துணி. அக்காவின் நைட்டி.

பழுது இல்லை. யாரோ அக்கறையோடு செய்த வேலை.

எதையும் கழட்டுவதற்கு முன்னால், மாட்டியவன் ஏன் மாட்டினான் என்று யோசியுங்கள் என்பார் வாத்தியார். அவள் யோசித்தாள். ஒரு மனிதன் தன் காருக்கே சூடு வராமல் ஏன் தடுப்பான்? சூடு பட்டால் நாற்றம் கிளம்பும். கிளம்பக் கூடாத நாற்றம் ஏதோ உள்ளே இருக்கிறது. வேறு காரணம் இருக்குமோ என்று இரண்டாவது முறையும் யோசித்தாள். கிடைக்கவில்லை.

திருகாணியைத் தளர்த்தினாள். குழாய்க்குள் வெந்நீர் களுக்கென்று பாய்ந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரை முழுதாகத் திருப்பினாள். விசிறி கடகடத்தது. முதலில் தூசியின் வாசனை. பிறகு நனைந்த கார்ப்பெட். டேஷ்போர்டின் ஓட்டைக்கருகில் மூக்கைக் கொண்டுபோய், கெட்டுப்போன எதற்கோ காத்திருந்தாள்.

வந்தது ஷாம்பூ வாசனை. இப்போதுதான் குளித்துவிட்டு வந்த தலையின் வாசனை.

நிமிர்ந்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் வெண்மை. அனல்காற்று நேராக அதன்மேல் அடித்தும் அது காயவில்லை. விரிந்தது. சுருங்கியது. நிதானமாக, தூங்குகிறவளின் மூச்சைப் போல, மீண்டும் விரிந்தது.

நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

மாமா கராஜ் வாசலில் நின்றார். கையில் கத்தி இல்லை. ஈரத் துண்டு மட்டும். மூடிய கண்ணாடிக்கு அப்பால் அவர் குரல் மங்கலாகக் கேட்டது.

"எதைக் கழட்டின?"

"அக்கா எங்க மாமா?"

"ஹீட்டரை அணை. முதல்ல அணை."

"என் அக்காவை என்ன பண்ணினீங்க?"

அவர் இவளைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எங்கயும் போகலம்மா. குளிரா இருந்தா அப்படியே உக்காந்திருப்பா. சூடு பட்டாதான் எழுந்துடறா."

இருக்கையின் பஞ்சு மெல்ல உப்பியது. குழிவு மறைந்தது. முன்கண்ணாடியின் வெண்மை ஓரங்களிலிருந்து கரைந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

மாமா பின்வாங்கினார். அவர் கை ஷட்டரைத் தேடியது.

"மாமா."

"வீட்டுக்குள்ள மட்டும் வரவிட மாட்டேன்," என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெளியே பூட்டு விழுந்தது.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது. விசிறி நின்றது.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

என்னுடையதுதான், என்று நினைத்தாள். என்னுடையதாக இருக்கலாம். வாயை இறுக மூடி மூச்சைப் பிடித்தாள். கேட்டது. விட்டுவிட்டு, இன்னொரு முறை பிடித்தாள்.

கேட்டது. காதருகே.

கதவுப் பிடியின் மேல் அவள் கை இருந்தது. அசையவில்லை. அவள் பக்கத்து ஜன்னலில், அவள் கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஒரு வெண்மை தோன்றியது. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

அதன் நடுவில், மெதுவாக, ஒரு மூக்கு வந்து அழுந்தியது.