ஸ்டான்லியின் காரில் சிவப்பு ஒயர்

மாரீனின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொன்றரை. கடல் வற்றியிருந்தது. கரையிலிருந்து தீவுக்குப் போகும் இரண்டு மைல் கடல்பாதை, கடல் ஏறினால் முழுகிவிடுவது, ஈரமாகக் கிடந்தது. முப்பது வருடமாக அதில் வேன் ஓட்டுகிறேன். ஆனாலும் பாதி வழியில் அந்த இடம் வந்ததும் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு மாதமாகவே பார்ப்பதில்லை.

வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள் மாரீன். எழுபது வயதில் இன்னும் மெலிந்திருந்தாள். "வா கண்ணு. நீ வந்து தொட்டாத்தான் அவரு காரு அவரு காரா இருக்கும்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கத்துப் படகுக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

உள்ளே அவள் கணவர் ஸ்டான்லியின் ட்ரையம்ப் கார் நின்றது. எழுபத்து நான்காம் வருடத்து வண்டி, கரும்பச்சை. கடலிலிருந்து இழுத்தெடுத்த பிறகு எஞ்சினை நகரத்தில் பிரித்துக் கழுவிக் கொடுத்திருந்தார்கள். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் புதிதாகப் பொருத்தி ஒயரிங் செய்வது மட்டும் பாக்கி. அதற்கு நான்தான் வர வேண்டும் என்று மாரீன் பிடிவாதமாக இருந்தாள். ஸ்டான்லி வேறு யாரையும் தொட விட்டதில்லையாம்.

ஸ்டான்லி கோல்தார்டை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தபால் நிலையத்துக்கு வெளியே கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பலகையில் தினமும் எழுதியவர் அவர். இருபத்தாறு வருடம் எழுதினார். அப்படிப்பட்டவர் ஒரு நவம்பர் மாலை கடல்பாதையில் காரோடு முழுகிப்போனார். நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டார் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். சுற்றுலா வருகிற ஆட்கள் முழுகினால் தீவில் பரிதாபப்படுவார்கள். தீவுக்காரன் முழுகினால் சிரிப்பார்கள். பலகை எழுதினவனுக்கே பலகை படிக்கத் தெரியவில்லை என்று சாராயக் கடையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது காதில் விழுந்ததிலிருந்து மாரீன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதில்லை.

ஸ்டான்லி நேரத்தைத் தப்பாகப் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காரில் முன்பு இருந்தது பழைய பிளாட்டினம் பாயிண்ட். அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டே ஒயர், ஒரு மணி நேர வேலை. சிவப்பு ஒயரைச் சாவியிலிருந்து நேராக வரும் முழு மின்சாரத்தில் கொடுக்க வேண்டும். அந்த மாடலில், பொறிக்கு மின்சாரம் ஏற்றும் காயிலுக்கு வருவது ஒரு தடைக் கம்பி வழியாகக் குறைந்து வரும். நானோ டாஷ்போர்டுக்கு அடியில் குனியச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய காயிலிலேயே சிவப்பைச் சொருகிவிட்டேன். வெயிலில் ஓட்டிப் பார்த்தேன். பட்டுப்போல ஓடியது.

விளக்கையும் வைப்பரையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் அந்தக் குறைந்த மின்சாரம் இன்னும் குறையும். பொறி நின்றுபோகும், எஞ்சினும் நிற்கும். மழை பெய்யும் மாலையில் யார்தான் அந்த மூன்றையும் போடாமல் ஓட்டுவார்கள்?

காரை இழுத்து வந்து முதலில் என் பட்டறையில்தான் நிறுத்தினார்கள். பரிசோதகர் மறுநாள் வருவதற்குள் சிவப்பு ஒயரை இடம் மாற்றி வைத்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் கை நடுங்கவும் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் முதுகு வலிக்கப் படுத்து, சாவியிலிருந்து தனி ஒயர் இழுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பூட்டினேன். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது. நான் வெளியே இறங்கி, கைகளைத் துடைத்துக்கொண்டு, அதைக் கேட்டபடி நின்றேன்.

வைப்பர் ஓட ஆரம்பித்தது.

நான் எதையும் தொடவில்லை. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு இடமும் வலமும் போனது.

பிறகு விளக்கு எரிந்தது.

பிறகு ஹீட்டர் விசிறி முனகத் தொடங்கியது. அதன் துவாரங்கள் வழியே காற்று வந்தது. சூடான காற்று இல்லை. சேறும் அழுகிய கடற்பாசியும் நாறும் குளிர்காற்று.

நான் அன்று செய்யத் தவறிய சோதனையை யாரோ என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தார்கள்.

எஞ்சின் சற்றும் தடுமாறவில்லை. என் ஒயரிங் இந்த முறை சரி. அப்பாடா என்று நான் மூச்சு விட்டதும், ஓட்டுநர் இருக்கை மெல்ல அமுங்கியது. தோலின் மேல் ஈரம் பரவியது. எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. விளக்கும் வைப்பரும் நிற்கவில்லை.

"எல்லாத்தையும் போட்டுப் பாக்குறியா? நல்லது" என்றாள் பின்னால் மாரீன். கையில் தேநீர்க் கோப்பை. இருக்கையை அவள் கவனிக்கவில்லை. கோப்பையை வேலை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"நெவில், உன்னை ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதே. அவரு நேரத்தைத் தப்பாப் பாத்திருக்க மாட்டாருன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. ஊரே சொல்லுது, என்னால மட்டும் நம்ப முடியல. எனக்கு மூளை பிசகிடுச்சா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு பதினான்கு மாதமாகக் குறுகுறுத்து ஓய்ந்து, மரத்தே போயிருந்தது. ஆனால் அவள் தன் மூளையைச் சந்தேகப்பட்டாள் பாருங்கள், அது தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். சிவப்பு ஒயரை எங்கே கொடுத்தேன், எப்படி மாற்றி வைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள். அழுதபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவரு சரியாத்தான் பாத்திருக்காரு" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தப்பு யாருக்கும் வரும், மறைத்ததுதான் பாவம், இப்போதாவது சொன்னாயே என்றாள். அவள் எனக்கு நன்றி சொன்னதுதான் கொடுமை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஆனா வண்டி நின்னதும் ஏன் இறங்கி நடக்கல? தூண்மேல இருக்கே கூண்டு, தண்ணி ஏறினா ஏறி நிக்கறதுக்கு, அது நூறு கெஜம்கூட இல்லையே. ஏன் உள்ளயே உக்காந்திருந்தாரு?"

"தெரியல" என்றேன்.

வைப்பர் வேகமாக அடித்துக்கொண்டது.

தபால் நிலையத்துக்குப் போன் செய்து எல்லோரிடமும் சொல்லப் போவதாக அவள் வீட்டுக்குள் ஓடினாள். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கொட்டகையில் நானும் அந்தக் காரும் மட்டும் இருந்தோம்.

பானட்டுக்குள் கை விட்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் பிடுங்கினேன். பேட்டரியையே வெளியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

விளக்கு எரிந்தது. வைப்பர் ஓடியது.

இருக்கைக்குக் கீழே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாரீனிடம் தெரியவில்லை என்று சொன்னேனே, அதுதான்.

அன்று மாலை ஸ்டான்லி என்னைப் போனில் அழைத்தார். மீட்புப் படகைக் கூப்பிடுவது வெளியூர்க்காரன் செய்யும் வேலை. தீவுக்காரன் கூப்பிட்டால் அந்தக் கேலி அவன் பேரன் காலம்வரை ஓடும். அதனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். விளக்குப் போட்டால் வண்டி இருமுகிறது என்று அந்த வாரத்திலேயே இரண்டு முறை சொல்லியிருந்தார். கடல்காற்றில் எல்லா வண்டியும் இருமும் என்று நான் அவர் வாயை அடைத்திருந்தேன். சாராயக் கடையில் சூடாக மீன் வந்திருந்த நேரம். திரையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்தேன். ஏழு முறை அடித்தது. இருபது நிமிடம் விட்டு விட்டு அடித்தது. அவருடைய போன் கடலோடு போயிற்று. யாரும் தேடவில்லை.

நான் எடுத்துவிடுவேன் என்று நம்பி அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். எடுத்திருந்தால் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்.

இப்போது அதைச் சொன்னேன். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"விளக்கை அணைங்க, ஸ்டான்லி."

விளக்கு அணைந்தது.

"வைப்பரையும் ஹீட்டரையும் அணைங்க."

வைப்பர் கண்ணாடியின் அடியில் போய்ப் படுத்தது. விசிறி ஓய்ந்தது. அந்த அமைதியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது எனக்குக் கேட்டது.

"அன்னிக்குப் போன்ல சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இப்போ சாவியைத் திருப்புங்க."

சாவி திரும்பியது. செல்ஃப் ஸ்டார்ட்டர் சுற்றியது. மெதுவாக, கனமாக, தண்ணீருக்கு அடியில் சுற்றுவதுபோல. எஞ்சின் பிடிக்கவில்லை.

வாசலில் மாரீன் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அன்னிக்கு உனக்குப் போன் பண்ணாரா?"

"ஏழு தடவை."

அவள் காரைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, ஈரமான இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கையை நீட்டி, கியர் கம்பியின் மேல் இருந்த எதையோ பொத்திப் பிடித்தாள்.

"நீ போயிடு. தண்ணி ஏறப் போகுது" என்றாள், என்னைப் பார்க்காமலே.

நான் போனேன். வேனை அடைந்த பிறகுதான், கையில் இன்னும் அந்தப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கொட்டகைக்குள் செல்ஃப் சுற்றிக்கொண்டேயிருந்தது.