மழை நாளில் தொடாத தட்டு

திருத்தணி மலை கண்ணுக்கு மறைந்தால் மழை வரப்போகிறதென்று அர்த்தம். மழை வந்தால், மாமியார் ரத்தினம்மாள் சந்திராவின் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டாள் என்றும் அர்த்தம்.

அன்று விடிந்ததுமே மலை மறைந்துவிட்டது.

"அத்தை... இட்லி ஆறிகினு கீதுங்க. ரெண்டு வாய் போட்டுக்குங்க..."

"என் புள்ளைய முழுங்கின கையால எனக்கு இட்லி வேறயா? எட்டப் போடி!"

சந்திரா தட்டோடு திரும்பினாள். எத்தனை மழை, எத்தனை பேச்சு! கொழுந்தன் பிரேம்குமார் இப்படியொரு மழையில்தான் களத்தில் காய்ந்த வேர்க்கடலைக்குத் தார்ப்பாய் போடப் போனான். இடி விழுந்து பிணமாகத்தான் வந்தான். போகச் சொன்னது அவள் புருஷன் துளசிங்கம். கட்டிலை விட்டு எழ அவனுக்குச் சோம்பல்! "யாரு அனுப்புனது?" என்று சாவு வீட்டில் சனம் கேட்டபோது அவன் வெடவெடத்து நின்றான். "நான்தாங்க..." என்று சந்திரா முந்திக்கொண்டாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொரு பிள்ளையையும் வெறுத்துவிட்டால் குடும்பம் என்னாவது? அந்தப் பாவி மனுஷன் அன்றும் வாய் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை.

வானம் இடித்தது. கட்டிலில் படுத்தபடியே துளசிங்கம் மகளைக் கூப்பிட்டான்.

"ஷாலினி! ஓடிப்போய் களத்துல தார்ப்பாயப் போட்டுட்டு வாம்மா!"

"சரி நைனா."

சந்திரா பதறி ஓடிவருவதற்குள் ரத்தினம்மாள் பேத்தியின் கையை இழுத்துப் பிடித்துவிட்டாள்.

"டேய்! அன்னிக்கும் இப்படித்தானடா படுத்துகினே என் பிரேமை அனுப்புனே! இப்ப இந்தக் கொழந்தையுமா!"

சந்திரா மாமியாரின் பக்கம் திரும்பினாள். "அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"என் காதால கேட்டேன்டி! இவனைக் கேட்டா, மனசொடிஞ்சு கயித்தைத் தேடிக்குவானோன்னு பயம். மழை வந்தா பெத்த வயிறு எரியுது... யாரையாச்சும் திட்டணும். நீ ஊரான் வூட்டுப் பொண்ணுதானேன்னு..."

"ஒரு வாட்டி... ஒரே ஒரு வாட்டி 'எனக்குத் தெரியும்டி'ன்னு சொல்லியிருக்கலாமே அத்தை!"

ரத்தினம்மாள் மருமகளின் காலைத் தொடக் குனிந்தாள். சந்திரா ஐயோவென்று அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். துளசிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தேற்ற யாரும் போகவில்லை.

களத்தில் கடலை நனைந்துகொண்டிருந்தது. நனையட்டும்!

"அந்த இட்லிய எடுத்துகினு வாடி" என்றாள் ரத்தினம்மாள்.

"ஆறிப்போச்சு அத்தை..."

"ஆறட்டும்."

சந்திரா பிட்டு ஊட்டினாள். இருவர் கண்ணீரும் நிற்கவில்லை. வெளியே மழையும் விடவில்லை.