பச்சைத் திரையில் ஒரு கறை

சுவிட்சைக் கீழே தள்ளி நிறுத்திய பிறகும் எக்ஸ்ரே திரை அணையவில்லை.

ஒரு நொடிதான். ஆனாலும் டாக்டரின் எக்ஸ்ரே உதவியாளன் குத்தாலிங்கம் ஓர் அடி பின்வாங்கினான். கதிர் படும்போது மட்டும் பச்சையாக ஒளிர்கிற உப்பு அது; கதிர் நின்றால் ஊதி அணைத்த விளக்கைப் போல அக்கணமே இருண்டுவிடும். மிச்சம் வைக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. இன்று வைத்தது.

வெளியே தென்காசித் தெருவில் ஆனிச் சாரல். காலை வேளைதான் என்றாலும், ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த அந்த எக்ஸ்ரே அறைக்குள் பகல் வந்ததே இல்லை. மெஷினின் கருகல் வாடையோடு இன்னொரு வாசமும் கலந்து வந்தது. ஈரப்பாறை, பாசி, குளிக்கிறவர்கள் தேய்த்து வழியவிட்ட எண்ணெய். அருவிக்கரை வாசம். திரை நேற்றுத்தானே குற்றாலத்திலிருந்து திரும்பியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அட்டையின் மேல் பூசியிருந்தது பிளாட்டினம் சேர்ந்த ஓர் உப்பு. நேரே பார்த்தால் எலுமிச்சை மஞ்சள். சாய்த்துப் பார்த்தால் மயில்கழுத்து நிறம். எல்லா ஊரிலும் புதுமாதிரித் திரைகள் வந்துவிட்டன. டாக்டர் மட்டும், ஏலத்தில் எடுத்த இந்தப் பழைய சாமானை விடவில்லை.

"இது உசுருள்ள உப்பு வே," என்பார். "கதிர் பட்டுப் பட்டு உள்ள இருக்க தண்ணி வத்திரும். வத்துன இடம் பழுப்பாயிரும், வெளிச்சம் காட்டாது. அப்பப்ப ஈரக்காத்துல வையும், பொழச்சுக்கிடும்."

கோடை முழுக்கக் குத்தாலிங்கம் வைக்கவில்லை. சோம்பல்.

அந்தக் கோடையில்தான் அச்சன்புதூரிலிருந்து தங்கபுஷ்பத்தைக் கூட்டி வந்தார்கள். பெண் மெலிவாக இருக்கிறாள், நெஞ்சு சுத்தம் என்று தெரிந்தால் நாள் குறித்துவிடலாம் என்றார்கள் ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டார். டாக்டர் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீரே பாத்துச் சொல்லிரும்," என்று அனுப்பிவிட்டார். திரைக்குப் பின்னால் நின்ற பெண், இருட்டில், மெதுவாகக் கேட்டாள்: "என்ன தெரியுது, அண்ணாச்சி?"

வலது பக்கத்து நுரையீரலில் உள்ளங்கையளவு இருட்டு தெரிந்தது. அவன் மெஷினை நிறுத்தினான். வெளியே போய், டாக்டர் பேசுவது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னான். "கறை இருக்கு. எளைப்பு நோய்தான், டி.பி."

சம்பந்தம் வேண்டாமென்று அவர்கள் போன பிறகு திரையைக் கழற்றி முன்னறை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தான். உப்பின் மேல், அதே இடத்தில், உள்ளங்கையளவு பழுப்பு.

கறை அவள் நெஞ்சில் இல்லை.

பஸ் இன்னும் புறப்பட்டிருக்காது. ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால், என் சோம்பல்தான் இது என்று சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

குற்றால சீசன் தொடங்கியதும் தங்கபுஷ்பம் செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறிப் போனாள். கால் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவன் திரையைக் குற்றாலத்துக்குத் தூக்கிப் போய், மச்சான் வீட்டு வராந்தாவில் அருவியைப் பார்க்கத் தொங்கவிட்டான். அருவி மூச்சு பட்டுப் பட்டுப் பழுப்பு மறைந்தது. உப்பு வயிறு நிறையக் குடித்துவிட்டது. எந்தத் தண்ணீர் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது.

"தம்பி, இது என் எளைய மக சந்தனமாரி." தங்கபுஷ்பத்தின் அப்பா சங்கிலிப்பாண்டி. துண்டு இடுப்பில் இருந்தது. "மூத்தவளுக்கு இருந்தது இவளுக்கும் இருக்குமோன்னு மாப்ள வீட்ல கேக்காங்க. பாத்துச் சொல்லணும்."

"எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பொண்ணு எடுப்பாங்க," என்றாள் அவள். "நம்ம ஆளுக்கு எலும்பக் காட்டணுமாம்லா!"

"ஏட்டி, சும்மா நில்லு. நான் வெளிய இருக்கேன், தம்பி."

குத்தாலிங்கம் விளக்கை அணைத்தான். மெஷின் இரைந்தது. பச்சைப் பரப்பில் விலா எலும்புகள் எழுந்தன.

"எங்க அக்கா ஒரு நாள்கூட இருமுனதில்ல, அண்ணாச்சி," என்றது இருட்டில் குரல். "படிச்சவங்க பாத்தது தப்பாவா இருக்கும்?"

இப்போது சொல்லலாம். ஒரே வாக்கியம்.

"மூச்சப் பிடிம்மா," என்றான்.

நெஞ்சு சுத்தமாக இருந்தது. வெளியே வந்து சொன்னதும் சங்கிலிப்பாண்டி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லாருக்கணும்யா." கை ஈரமானது. அதை வேட்டியில் துடைக்கவும் கூசியது. அவர்கள் படியிறங்கும் வரை நின்றான்.

திரும்பி அறைக்குள் வந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டு. மெஷின் ஓடவில்லை. மெயின் சுவிட்சும் கீழே இறங்கி அணைந்துதான் கிடந்தது, தடவிப் பார்த்துவிட்டான்.

திரை ஒளிர்ந்தது.

பச்சை வெளிச்சத்தில் விலா எலும்புகள். சந்தனமாரியுடையவை அல்ல. இன்னும் ஒடுங்கியவை. மெலிந்தவை. கழுத்தெலும்புக்குக் கீழே நுரையீரல் இரண்டும் கண்ணாடி போலத் தெளிந்திருந்தன. வலது பக்கமும். ஒரு புள்ளி இல்லை. இதயம் மட்டும் அசையவில்லை.

எண்ணெய் வாசம். பாசி வாசம்.

அடிநெஞ்சில் ஒரு கோடு. படுக்கையாக, நேராக. அதற்குக் கீழே கறுப்பு. கோடு மேலே ஏறியது. ஒரு விலா. இன்னொரு விலா. தண்ணீர்.

ஓட நினைத்தான். கால் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை.

விரலெலும்புகள் பின்னாலிருந்து திரையில் பதிந்தன. ஒவ்வொன்றாக. மணிக்கட்டில் வளையல் நிழல்.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

கோடு கழுத்தைத் தொட்டது.

சொல்லிவிட வேண்டும். கறை உன்னிடம் இல்லை, திரையில்தான், என்னிடம்தான். இப்போதாவது.

குத்தாலிங்கம் வாயைத் திறந்தான்.

வார்த்தை வரவில்லை. குளிர்ந்த அருவித்தண்ணீர் வந்தது. அது நிற்கவே இல்லை.