சிப்பிமேட்டின் மேல்மண்

அந்த வருடம் தமிழ்நாட்டில் சிப்பிமேடு இல்லாத ஊரே இல்லை, சிப்பிமேட்டைத் தவிர. கோவில்பட்டியில் ஒன்று இருந்தது, ஓசூரில் இரண்டு, சென்னையில் பேட்டைக்கு ஒன்று. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இடமும் லாரி லாரியாகக் கனிமப் பொடியும் இருந்தால் போதும். மேட்டில் எந்தப் பகுதி வேண்டும் என்று சொன்னால், நிலத்தின் பிரதியை அச்சிடும் மறுநிலக்கூடத்தின் அச்சுக்கைகள் சில வாரங்களில் அதை மணல் மணலாக வளர்த்துக் கொடுத்துவிடும். நிஜமான சிப்பிமேடு மட்டும் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்கு அடியில் கிடந்தது.

எல்லாம் மண்வாங்கி வந்த பிறகு நடந்த கூத்து. அந்தக் கருவி தரைக்கு மேலே மிதந்தபடி நுண்ணலைகளை மண்ணுக்குள் செலுத்தும். எந்தப் பருக்கை எதன்மேல் சாய்ந்திருக்கிறது, அது மணலா ஓடா எலும்பா, எலும்பென்றால் அதன் உள்துளைகள் எப்படி என்பது வரை அலையோடு திரும்பி வந்துவிடும். கரையைக் கடல் தின்றுகொண்டிருந்த காலத்தில் அது பெரிய ஆறுதல். சுவர் கட்டிக் காக்க முடியாத இடங்களைப் பிரதி எடுத்தாவது காத்துவிடலாம் அல்லவா? எடுத்த பிரதியை யார் வேண்டுமானாலும் வளர்த்து, தோண்டி, கையால் தொட்டுப் பார்க்கலாம்.

யார் வேண்டுமானாலும் என்று ஆனதற்குக் காரணம் மெடில்டா. அவள் தொல்லியல் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஓர் இடத்தைத் தோண்டியவர் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, போய்ச் சேர்ந்த பிறகும் அறிக்கை வெளியே வராது. கிடைத்த ஓடுகள் சாக்குமூட்டையில் கிடந்து எலிக்கு வீடாகும். பிடிக்காத உண்மை கிடைத்தால் மூட்டையே காணாமல் போகும். இதைப் பார்த்து வயிறு எரிந்துதான் அவள் வருடக்கணக்கில் அலைந்து திறந்த மண் சட்டத்தைக் கொண்டுவர வைத்தாள். அதில் இரண்டு விதிகள் அவள் கைப்பட எழுதியவை. மண்வாங்கி எடுத்ததில் ஒரு பருக்கையைக்கூட யாரும் நீக்கக் கூடாது, எடுத்த நிமிடமே அது எல்லோருக்கும் போய்விட வேண்டும் என்பது ஒன்று. மண்ணில் இருப்பது மட்டுமே சான்று, வாரிசு என்று வந்து நிற்பவர் சொல்லும் எதுவும் சான்றாகாது என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தால் போதும், நாலு சங்கங்கள் அது எங்கள் பாட்டனுடையது என்று பேனர் கட்டிவிடும் ஊரில் வேறு எப்படி எழுதுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சிப்பிமேடு அவள் வாக்கப்பட்ட ஊர். மேட்டின் அடியில் பழைய தாழிகளும் சங்கு வளையல் அறுத்த பட்டறையும் இருந்தன. அதற்கு மேலே ஊரின் கல்லறைத் தோட்டம். பத்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் ஜோவிதா, ஏழு வயதில், ஒரே காய்ச்சலில் போய்விட்டாள். மெடில்டா அப்போது தர்மபுரிப் பக்கம் ஓர் அகழ்வில் இருந்தாள். தகவல் வந்து ஓடி வந்தபோது பிள்ளையைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சிறுபிள்ளைகளைக் கடல் பக்கத்து வரிசையில் புதைப்பது அங்கே வழக்கம். ஜோவிதாவையும் அங்கேதான் வைத்தார்கள்.

கடல் நெருங்கி வந்ததும் ஊரை உள்ளே தள்ளிக் குடிவைக்க முடிவானது. முதலில் சிலுவைகளைப் பிடுங்கிப் புதுத் தோட்டத்தில் நட்டுவிட்டு, பிறகு எலும்புகளை எடுத்துப் போவது என்று பங்குச் சாமியார் சொன்னார். சிலுவைகள் போயின. அதற்குள் மேட்டில் வெடிப்பு விட்டு, யாரும் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். புயல் வேறு கிளம்பியிருந்தது. இனி மேட்டின்மேல் போகக்கூடியது மண்வாங்கி ஒன்றுதான். தொல்லியல் துறையின் சார்பில் அதை அழைக்க ஒப்புதல் தர வேண்டியவளும் மெடில்டாதான். ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

அவள் கணவன் ரெமிஜியுஸ் ஐஸ் கம்பெனியில் மிஷின் பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நம்ம புள்ளையையும் சேத்தா எடுக்கும்?"

"ஆமா. மேடு பூராத்தையும் எடுக்கும்."

"எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவிய."

"சட்டம் அப்படித்தான இருக்கு."

"ஒஞ் சட்டந்தானட்டி." அவன் மறுபடி கயிற்றை முறுக்கினான். "வேண்டாம். கடலு எடுத்துட்டுப் போட்டும். கடலு ஒருத்தருக்கும் காட்டாது."

"கடல் எடுத்துட்டா அவ எலும்புகூட நமக்கு இல்ல. அத யோசிச்சியளா?"

"பத்து வருசமா இல்லாமத்தான கெடக்கோம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையைக் கடைசியாக உயிரோடு பார்க்காதவள் அவள். மண்ணும் போய்விட்டால் அவள் எங்கே போய் நிற்பாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல்மண்ண யாரு பாக்கா? எல்லாரும் தாழியப் பாக்கத்தான் ஓடுவாவ. ஒங்களுக்கு அந்தப் பயமே வேண்டாம்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினாள். தோண்டுகிறவர்கள் மேலே கிடக்கும் அண்மைக் கால மண்ணைக் குப்பை என்று வாரிக் கொட்டிவிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பார்கள். முப்பது வருடம் அவளும் அப்படித்தான் கொட்டியிருக்கிறாள். பழையதுதான் எல்லோருக்கும் வேண்டும் என்று தொல்லியல்காரர்களைப் போல நம்புகிறவர்கள் உலகத்தில் வேறு யாரும் கிடையாது. அவள் ஒப்புதல் கொடுத்தாள். மண்வாங்கி வந்து மேட்டைப் பூராவும் வாங்கிக்கொண்டு போனது. அடுத்து வந்த புயலில் மேடு போய்விட்டது.

ரெமிஜியுஸ் அதற்காகச் சண்டை போடவில்லை. அவள் வெளியூர் போய்வரும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கேட்பான், ஜோவிதாவை யாரும் திறந்தார்களா என்று. இல்லை என்பாள். அது உண்மையாகவும் இருந்தது.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது, சங்குப் பட்டறையில்தான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துப் போனாள். அந்த மறுநிலக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவளுக்குக் கடல் வாடை அடித்தது. ஈரமும் உப்பும்கூடப் பிரதியில் வந்துவிடும். வரவேற்றவள் சம்யுக்தா என்ற முதுகலை மாணவி. கெட்டிக்காரப் பெண், முகம் பூரிப்பில் மினுங்கியது.

"வாங்க மேடம். எல்லாரும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதையே பாக்கறாங்க. நாங்க மேலயிருந்து ஆரம்பிச்சோமுங்க. இங்க கெட்டுப்போனா மறுபடி வளத்துக்கலாமுங்களே, எதுக்கு வாரிக் கொட்டணும்? நேத்து செத்தவங்களும் வரலாறுதான்னு நீங்களே சொல்லியிருக்கீங்கல்லங்க."

சொல்லியிருந்தாள். எந்த மேடையில் என்பதுகூட நினைவிருந்தது. மாணவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனது கடல் பக்கத்து வரிசைக்கு.

சிப்பி மண் எலும்பை நன்றாகக் காக்கும். குழிக்குள் சின்னஞ்சிறு எலும்புக்கூடு ஒன்று நேராகப் படுத்திருந்தது. மார்பெலும்பின்மேல் வெள்ளை நைலான் லேஸ் ஒட்டியிருந்தது. புதுநன்மைக்கென்று, கோயிலில் முதல்முறை அப்பம் வாங்கும் நாளுக்கென்று, மெடில்டா மதுரையில் வாங்கி வந்த கவுன். அந்த வருடம் புதுநன்மை வாங்காமலே போனதால் பிள்ளைக்கு அதைப் போட்டு அனுப்பினார்கள். இது அச்சு, ஜோவிதா இல்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். மூலநிலத்துக்கும் மறுநிலத்துக்கும் பருக்கை அளவுகூட வித்தியாசம் கிடையாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவளும் அவள்தான். பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர் எழுதின சிலுவை ஒண்ணும் இல்லீங்க, அதனால யாருன்னு தெரியல" என்று சம்யுக்தா ஆரம்பித்தாள். "பொண்ணு, ஏழு வயசு. காலம் ரொம்பப் பக்கம்தானுங்க. தாடைக்குள்ள முளைக்காத பல்லு இருந்துச்சு, அத அறுத்துப் பாத்தோம். கடைசி ஒரு வருசத்துக்குள்ள மூணு கறுப்புக் கோடு. மூணு தடவ கடுங்காய்ச்சல் வந்திருக்கு மேடம், ஒவ்வொண்ணும் வாரக்கணக்கா. மூணாவதுல புள்ள தேறவே இல்லீங்க."

"ஒரே காய்ச்சல்தான்" என்றாள் மெடில்டா. சொன்ன பிறகுதான் வாய்விட்டுச் சொல்லிவிட்டது தெரிந்தது.

"இல்லீங்க மேடம், மூணு. நீங்களே பாருங்க."

பார்த்தாள். மரத்துக்கு வளையம் விழுவதுபோல, வளரும் பல்லில் நாளுக்கு நாள் மெல்லிய வரி விழும். உடம்பு கடுமையாகக் கெட்டால் அந்த வரி தடித்துக் கறுக்கும். இதைப் படித்துச் சொல்வதில் நாட்டிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. உருப்பெருக்கியில் கண்ணை வைத்தாள். மூன்று கோடுகள், ஒன்றைவிட ஒன்று தடிப்பாக. எந்தெந்த மாதம் என்று கணக்குப் போட அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த மாதங்களில் அவள் தர்மபுரியில் இருந்தாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பேசுவாள். பிள்ளை தூங்கிட்டா என்பான் ரெமிஜியுஸ். டியூசன் போயிருக்கா என்பான். இன்றைக்கு ஒரு தாழிக்குள் குழந்தை எலும்பு கிடைத்தது, பல் அப்படியே இருக்கிறது என்று அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போவாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரக் கூடாது என்று நினைத்திருக்கிறான் மனுஷன். சும்மா காய்ச்சல், சரியாகிவிடும் என்று நம்பியுமிருக்கலாம். எழுப்பி ஒரு வார்த்தை பேசக் கொடுங்கள் என்று அவளும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

"முடிவு என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கவனிப்பாரில்லாத குழந்தைன்னுங்க. இவ்வளவு நாள் காய்ச்சல்ல விட்டிருக்காங்கன்னா பெத்தவங்க பாக்கலைன்னுதானுங்களே அர்த்தம்? தர்மபுரித் தாழிக் குழந்தைக்கு நீங்க எழுதின அதே முடிவுங்க, வார்த்தை மாத்தாம."

எழுதியிருந்தாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய எவளோ ஒரு தாயை, தன் பிள்ளை காய்ச்சலில் கிடந்த அதே நாட்களில், கவனிக்காதவள் என்று எழுதி அச்சில் ஏற்றியிருந்தாள். அந்தப் பக்கம் இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது.

"கவனிச்சிருப்பாங்க" என்றாள். "மடியில போட்டுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருப்பாங்க. எல்லாம் செஞ்சும் பிழைக்காம இருந்திருக்கலாம்."

சம்யுக்தா மரியாதையாக யோசித்தாள். "அதுக்குச் சான்று இருக்குதுங்களா மேடம்?"

மடிக்கு மண்ணில் தடயம் விழாது. இவள் என் மகள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உறவினர் கூற்று, சான்றாகாது என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். விதியை எழுதியவள் அவள். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடக் கூடாதா என்று கேட்க வாய் வந்தது, எதையும் மறைக்கக் கூடாது என்ற விதியும் அவளுடையதாயிற்றே என்று மென்று விழுங்கினாள். சுற்றி நின்ற பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிபுணர் கைரேகை வைத்தால் முடிவு உறுதியாகி, சிப்பிமேடு வளர்ந்திருக்கும் அத்தனை ஊருக்கும் போய்விடும். கோடுகள் உண்மை, முறை அவளுடைய முறை. அவள் விரலை வைத்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சாப்பிட்டுப் போகச் சொல்லி வற்புறுத்தியதைத் தட்டிவிட்டு, பஸ் நிலையத்துக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ரெமிஜியுஸிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஐஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"போன காரியம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"அங்கன ஜோவிதாவ யாரும் தொறந்தாவளா?"

எப்போதும்போல இல்லை என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

"தொறந்துட்டாவளா?"

"ஆமா."

அவன் மிஷினை விட்டுத் தள்ளிப் போனான் போல, சத்தம் குறைந்தது. பிறகு அவன் தணிந்த குரலில் கேட்டான். "பல்லப் பாத்தாவளா?"

அப்போதுதான் மெடில்டாவுக்கு உறைத்தது. சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் பல்லைப் பற்றிப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். பல்லில் என்ன எழுதியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கடல் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அன்றைக்கு அவன் சொன்னது ஊருக்குப் பயந்து இல்லை. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பத்து வருடமாகத் தனியாகத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். அவன்மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"இல்ல" என்றாள். "மண்ணு ஈரமாக் கெடந்துச்சில்ல, பல்லு ஒண்ணும் மிஞ்சல. எலும்பே பொடிப்பொடியாத்தான் இருந்திச்சி."

"ஒண்ணுமே தெரியலியா அவியளுக்கு?"

"ஒண்ணுமே தெரியல. கவுன மட்டும் பாத்துட்டு, ஆசையா வளத்த புள்ள போலன்னு சொன்னாவ."

"அது சரிதான்." அவன் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "ஆசையாத்தான வளத்தோம்."

"ஆமா."

"சரி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றாள். அதுவும் பொய்தான்.