மாதா நின்ற வாசல்

அக்டோபர் பிறந்துவிட்டால் கொழும்பு, கொட்டாஞ்சேனையின் அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் இரவுச் சமையல் நடக்காது. மாதா நடக்க விடமாட்டார்.

அது செபமாலை மாதம். கோயிலிலிருந்து வரும் சின்ன மாதா சிலை, சுரூபம் என்பார்கள், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் தங்கும். மாலையானதும் ஒழுங்கையே திரண்டு, பாட்டுப் பாடி, அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லும். அது முடிந்தால் சாப்பாடு. முதல் வீட்டில் பிஸ்கட்டும் தேத்தண்ணீரும். இரண்டாம் வீட்டில் பற்றிஸ். மூன்றாம் வீட்டில் ரோல்ஸ், கட்லட், கேக். இப்படி வீட்டுக்கு வீடு போட்டி போட்டதில், மாதக் கடைசியில் முழந்தாளிட்டவர்களை நாலு பேர் பிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

செபத்தை நடத்துபவர் சீனியம்மா. அவர் குரலெடுத்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் பதிலுக்கு ஊதும் என்பார்கள். ஊதியதைக் கேட்டதாகச் சத்தியம் செய்யவும் ஆட்கள் இருந்தார்கள்.

பத்து வயது மரிஸ்டெலாவுக்கு இந்த மாதம் என்றால் உயிர். ஆனால் இந்த வருடம் அவளுக்கு ரோல்ஸ்கூடக் கசந்தது.

போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் விடியற்காலையில் தமிழர் வீடுகளில் சோதனை நடக்கும். பொலிஸும் ஆமியும் இளைஞர்களைத் தேடும். ஆகஸ்ட் மாதம் அப்படி வந்தவர்கள், பக்கத்து வீட்டு நேசமலர் அன்ரியின் கதவைத்தான் முதலில் தட்டினார்கள். மரிஸ்டெலா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்ரி வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். விரல் மரிஸ்டெலாவின் வீட்டைக் காட்டியது.

அங்கே கிளெமென்ற் மாமா பல் துலக்கிக்கொண்டு நின்றார். அவர் அம்மாவின் தம்பி. படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வாய் கொப்பளிக்கவும் விடாமல் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் விடவுமில்லை. அம்மா சோற்றுப் பார்சலோடு சிறை வாசலில் வெயிலில் நிற்பார். சில நாள் மாமாவைக் காட்டுவார்கள். பல நாள் பார்சல் அப்படியே திரும்பி வரும்.

அன்றிலிருந்து ஒழுங்கையில் ஒருவரும் அன்ரியோடு கதைப்பதில்லை. அவருடைய ஒரே மகனும் நீர்கொழும்பிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டான். அன்ரி தண்ணீர் எடுக்க வந்தால் குழாயடியில் வாளிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இப்போது மாதா மரிஸ்டெலா வீட்டில். அடுத்தது அன்ரியின் முறை.

“தாண்டிப் போவம் அம்மா,” என்று முதலில் சொன்னதே மரிஸ்டெலாதான். “நேர சீனியம்மா வீட்டுக்குப் போவம். நான்தானே மாதாவைத் தூக்கிறது.”

சுரூபத்தை அந்தந்த வீட்டுப் பிள்ளைதான் தூக்கிப்போக வேண்டும் என்பது வழக்கம். அம்மா மாதாவைப் பார்த்தார்.

“ஓம். தாண்டிப் போ,” என்றார்.

செய்தி ஒழுங்கை முழுவதும் ஓடியது. பாராட்டாதவர் இல்லை. இந்தப் பிள்ளை வளர்ந்தால் நீதிபதியாகத்தான் வருவாள் என்று சீனியம்மா அடித்துச் சொன்னார். சொன்ன கையோடு, ஒரு படையே வந்தாலும் மிஞ்சும் அளவுக்கு ரோல்ஸ் சுருட்டப் போய்விட்டார்.

பிற்பகலில் அன்ரி வீட்டிலிருந்தும் கட்லட் பொரியும் வாசம் வந்தது. மரிஸ்டெலா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் மழை ஓய்ந்ததும் ஊர்வலம் புறப்பட்டது. மரிஸ்டெலா மாதாவை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் நடந்தாள். அன்ரி வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மேசையில் வெள்ளைத் துணி. சுவரோரமாக வரிசையாகக் கதிரைகள். வாசலில் அன்ரி, கோயிலுக்கு மட்டும் கட்டுகிற சேலையோடு, மெழுகுதிரி பிடித்தபடி நின்றார்.

பாடியவர்கள் குரலை இன்னும் உயர்த்தினார்கள். மரிஸ்டெலா தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலைக் கடந்தாள்.

அன்ரிக்கு விளங்கிவிட்டது. அவர் கூப்பிடவில்லை, அழவுமில்லை. படியால் இறங்கி வந்து, ஒழுங்கையோரம் தேங்கிநின்ற மழைத்தண்ணீரிலேயே முழந்தாளிட்டார். போகிற மாதாவைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு, மற்றவர்களின் காலில் படாமல் இருக்கத் தன் சேலைத் தலைப்பை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்.

மரிஸ்டெலாவின் கால்கள் நின்றுவிட்டன.

பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். கடைசியில் வந்தவர் தள்ளிய தள்ளில் சீனியம்மாவின் மூக்குக்கண்ணாடி எகிறிப் பக்கத்து மதிலில் போய் இருந்தது.

“நட புள்ள. ரோல்ஸ் ஆறிப்போவுது,” என்றார் சீனியம்மா.

“மாதா கனக்கிறா,” என்றாள் மரிஸ்டெலா.

அந்தச் சுரூபம் ஒரு பூனைக்குட்டியின் கனம்கூட இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். அவள் திரும்பி, அன்ரி வீட்டுக்குள் போனாள்.

பின்னால் யாரும் வரவில்லை.

மாதாவை மேசையில் வைத்தாள். அன்ரி சேறு சொட்டும் சேலையோடு வந்து முழந்தாளிட்டார். கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. யார் செபத்தைத் தொடங்குவது?

மரிஸ்டெலா வேகமாகக் கணக்குப் போட்டாள். நடத்துகிறவர் ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ செபத்தின் முதல் பாதியைச் சொல்வார். மற்றவர் பின்பாதியைச் சொல்வார். ‘எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல’ என்ற வசனம் பின்பாதியில் வருகிறது. அதைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. அன்ரியே சொல்லட்டும்.

முந்திக்கொண்டு தொடங்கினாள். தன் பாதியை மளமளவென்று முடித்துவிட்டுக் காத்திருந்தாள். ‘எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று அன்ரி பின்பாதியைத் தொடங்கினார். அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

“சொல்லுங்கோ அன்ரி.”

“அண்டைக்கு என்ர மகன் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருந்தவன், பிள்ளை,” என்றார் அன்ரி. அவர் மாதாவைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். “வீட்டில பெடியன் இருக்கிறானோ எண்டு கேட்டாங்கள். என்ர கை உங்கட வீட்டைக் காட்டிப்போட்டுது. இப்ப அந்த வசனத்தை நான் எந்த வாயால சொல்லுறது?”

மரிஸ்டெலாவின் கோபம் போகவில்லை. மாமாவின் வாயில் இருந்த பற்பசை நுரைதான் நினைவுக்கு வந்தது. மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் செபம் பாதியில் நின்றது. இப்படியே விட்டுவிட்டுப் போனால் அன்ரி விடியுமட்டும் இந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

“சரி,” என்றாள். “முதல் பாதியை நீங்கள் சொல்லுங்கோ. அந்த வசனத்தை நான் சொல்லுறன்.”

அன்ரி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மரிஸ்டெலாவின் முறை வந்தது. பச்சைப் பாகற்காயை மென்று விழுங்குவதுபோல, ஒவ்வொரு சொல்லாக, அந்த வசனத்தைச் சொல்லி முடித்தாள். ஒன்றும் இனிக்கவில்லை.

அடுத்து ‘அருள் நிறைந்த மரியே’ வந்தது. மரிஸ்டெலா பதில் சொன்னபோது, அவள் குரலோடு இன்னொரு குரலும் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசற்படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு. கையில் செபமாலை. அவருக்கு அப்பால் ஒழுங்கையில், மாதா இல்லாத ஊர்வலம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. சீனியம்மா மதிலிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகச் சத்தமில்லாமல் இருந்தார்.

அம்மா ஒரு மரியேயையும் விடாமல் பதில் சொன்னார். பத்து மரியே முடிந்து அடுத்த பத்து தொடங்கியபோது மறுபடி அந்த வசனம் வந்தது. அம்மாவின் குரல் நின்றது. மரிஸ்டெலா தனியாகவே சொன்னாள். அது முடிந்ததும் அம்மாவின் குரல் திரும்ப வந்து சேர்ந்துகொண்டது. மூன்றாம் பத்திலும் அப்படியே. நாலாம் பத்திலும் அப்படியே.

செபமாலை முடிகிறவரை அம்மா அந்த வசனத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படியை விட்டு எழும்பவுமில்லை.