இரண்டாம் சுவருக்குள்

மெழுகுவத்தியின் சுடர் நிமிர்ந்து நின்றது. ஆர்ச்சி மக்கில்வீன் சுத்தியலை நிறுத்திவிட்டு அதையே பார்த்தான். காலையிலிருந்து, இரண்டு இரும்புச் சுவர்களுக்கு நடுவே அவன் நின்றவாக்கில் ஒருக்களித்து நகர்ந்த இந்த இடுக்கில், நுழைவாயிலிருந்து வந்த காற்றில் அது சாய்ந்தேதான் எரிந்தது.

டைட்டானிக் மூழ்கியதிலிருந்து பெல்பாஸ்ட் கப்பல் கட்டும் தளத்தில் இந்த வேலைதான். பயணிகள் கப்பலுக்கு உள்ளே இன்னொரு சுவர். வெளிச்சுவர் கிழிந்தாலும் தண்ணீர் உள்சுவரைத் தாண்டக்கூடாது. அந்தச் சுவரின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பவன் ஆர்ச்சி. நடுவே இருந்த இடுக்கு தடுப்புகளால் அறை அறையாகப் பிரிந்திருந்தது. சற்று முன்புதான் இந்த அறையை முடித்து வெளியே வந்து கூட்டாளி டேவியிடம் சொல்லியும் விட்டான்.

"அப்ப அடுத்த அறைக்குப் போடா புதுமாப்பிள்ளை! தொப்பையோட சிக்கிக்காத, உன் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாது!" ஆணி அடித்தே காது போன டேவி கத்தித்தான் பேசுவான். கத்திவிட்டுத் தேநீருக்குப் போனான்.

ஆனால் ஓர் ஆணியில் ஆர்ச்சிக்குச் சந்தேகம். யாரிடமும் சொல்லாமல் மறுபடி இதே அறைக்குள் நுழைந்தான்.

இப்போது, சுடர் நிமிர்ந்ததைக் கண்டு, நுழைவாயை நோக்கிப் பின்னோக்கி நகர்ந்தான். பூச்சு நெடி, துருப்பொடி, சுவரில் பட்டு ஈரமாக முகத்துக்கே திரும்பிய அவன் மூச்சு. நுழைவாய் இருந்த இடத்தில் இரும்பு மூடி. வெளியிலிருந்து முறுக்கியிருந்தார்கள். முடிந்த அறையில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்ப்பதுதான் அடுத்த வேலை.

கீழே சளசளவென்று சத்தம்.

அலறினான். குரல் இடுக்குக்குள்ளேயே சுற்றியது. சுத்தியலால் கை நோக அடித்தான். சுவரில் காதை வைத்தான்.

"டேவி! உள்ள யாரோ அடிக்கிறாங்களே!" வெளியே மேஸ்திரியின் குரல்.

"நம்ம ஆர்ச்சிதான், மேஸ்திரி! பக்கத்து அறையில இருக்கான். இரும்புல எங்க தட்டினாலும் எல்லா இடத்துலயும் கேக்கும்ல! பொண்டாட்டி ஞாபகம் போல, பேய் மாதிரி அடிக்கிறான்!"

சிரிப்பு.

அடிக்க அடிக்க, வேலை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நிறுத்தினால்? நிறுத்தினால் டேவி தேடுவான். சரிதானா? இன்னொரு முறை யோசித்தான். சரிதான். வேறு வழியில்லை.

சுத்தியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அசையவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சுடர் அணைந்தது.

இருட்டு.

டங்.

அவன் அடிக்கவில்லை.

டங். டங். பாதத்துக்குக் கீழே. தண்ணீருக்கு அடியில். அவசரமில்லாமல், வரிசை தப்பாமல்.

"இப்பத்தான் பையன் நிதானமா வேலை பாக்குறான்!" வெளியே டேவி கத்தினான்.

தண்ணீர் கழுத்தைத் தொட்டது. அடுத்த தட்டு, அவன் முழங்காலுக்கு எதிரே இருந்த ஆணியில் விழுந்தது.