சனிக்கிழமைக்குள் காய வேண்டிய கம்பு

கம்பு வெடித்திருந்தது. நுனியிலிருந்து அடிவரை ஒரே பிளவு.

ஹினேவாய் அதை அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்தாள். அப்பாவின் ஊன்றுகோலுக்காக மானுகா மரத்தில் அவளே வெட்டிய கம்பு. பதினொரு மாதமாகப் பட்டையோடு கொட்டகை நிழலில் தொங்கவிட்டிருந்தாள். ஈரம் மெதுவாக இறங்கட்டும் என்று இரு முனைகளிலும் மெழுகு பூசியிருந்தாள். ஞாயிறுதோறும் எடை போட்டாள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். இன்னும் நிற்கவில்லை.

"யாரு இதை இங்க வச்சது?"

ஏழு வயதுத் தங்கை துயி கதவுக்குப் பின்னால் நின்றாள். "நான்தான்க்கா. சனிக்கிழமைக்குள்ள காயணுமே..."

"உன்னை யாருடி கேட்டா?"

"அலுமினியக் கம்பை ஊனிக்கிட்டு அம்மா முன்னாடி போய் நிக்க மாட்டேன்னு அப்பா சொன்னாரே." துயி விம்மினாள்.

போன குளிர்காலத்தில் வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. அம்மா பிழைக்கவில்லை. அப்பா ராவிரியின் வலது கால் சரியாகவே இல்லை. ஓராண்டு கழித்துக் கல்லறைக் கல்லைத் துணி விலக்கித் திறப்பது நியூசிலாந்தின் மாவோரி மக்களான அவர்களின் வழக்கம். அந்த நாள்தான் சனிக்கிழமை.

ஹினேவாயின் கோபம் வடிந்தது. சன்னல் வழியே வெறித்துப் பார்த்தாள். வெளியே துணிக்கொடியை ஒரு கவட்டுக்கம்பு தாங்கி நின்றது. துயி பிறந்த வருடம் அம்மா நட்டது. அதுவும் மானுகாதான்!

ஓடிப்போய்த் தட்டினாள். கணீரென்றது. ஈர மரம் இப்படி ஒலிக்காது.

"ரம்பத்தை எடுத்துட்டு வா, துயி."

"ஐயோ, அது அம்மா நட்டதுக்கா!"

"அம்மாவா இருந்தா இந்நேரம் அறுத்தே முடிச்சிருப்பாங்க."

"அப்ப துணியெல்லாம்?"

"வேலியில போடு. ஆடு உன் பாவாடையைத் தின்னா நான் பொறுப்பில்ல."

அடியை அறுத்தார்கள். மேலே இருந்த கவட்டையை விட்டுவைத்தார்கள். கட்டைவிரல் வைக்க அது தோதாக இருந்தது. மூன்று மாலை துயி உப்புத்தாளால் தேய்த்தாள். ஹினேவாய் எண்ணெய் பூசினாள்.

அப்பா அதைக் கையில் வாங்கினார். "நீ காயவச்ச கம்பு என்னாச்சும்மா?"

துயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெடிச்சிடுச்சுப்பா. அவசரப்பட்டுட்டோம்" என்றாள் ஹினேவாய்.

அப்பா கவட்டையைத் தடவினார்.

"இது எந்தக் கம்புன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சனிக்கிழமை அப்பா கல்லறை இருந்த குன்றில் ஏறினார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். யாரையும் கைகொடுக்க விடவில்லை. துணியை விலக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஹினேவாயின் மேல் சாய்ந்தபடி கம்பைத் துயியிடம் நீட்டினார்.

"பத்திரமா பிடிச்சுக்கோடா."

துயி அதை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.